லயக் காம்பராவில் மண்ணெண்ணெய், அமிலம், பூச்சிமருந்து: உயரத் தட்டா, பூட்டுப் பெட்டியா, அமுக்கு மூடியா, வீட்டுக்கு வெளியேயா?

இரண்டு மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் மண்ணெண்ணெயையும் கழிவறை அமிலத்தையும் எங்கே வைப்பது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "கைக்கு எட்டாத இடத்தில் வையுங்க." பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில்), முன் திண்ணையான இஸ்தோப்பின் ஒரு மூலையைத் தடுத்து அடுப்படியாக்கிய வீட்டில், அந்த இடம் எது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. இதனால் கேட்பவர்கள் நான்கு வழிகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறார்கள். சுவரில் உயரமாக ஒரு தட்டு அடிப்பதா? பெட்டி வாங்கிப் பூட்டுவதா? பிள்ளை திறக்க முடியாத மூடி போட்ட கேன் தேடுவதா? எல்லாவற்றையும் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைப்பதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நான்கில் ஒன்றைத் தேர்ந்து எல்லாப் பொருளையும் அதற்குள் அடைக்கப் பார்ப்பதுதான் பிழை. ஒரு நாளைக்கு அந்தப் பொருளை எத்தனை தடவை எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். எங்கே, எப்படி வைப்பது என்பதை அதுவே முடிவு செய்யும். தினமும் மூன்று தடவை எடுக்கும் பொருளைப் பூட்டி வைத்தால், ஒரு வாரத்தில் அந்தப் பூட்டு திறந்தபடியே தொங்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் மேலே சொன்னதுதான்: எத்தனை தடவை எடுக்கிறோம்.

இரண்டாவது, பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. அம்மா காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போனால் மத்தியானம்தான் வருவார். பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில்) விடாத பிள்ளை அப்பாயியோடு இருக்கும், அல்லது பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்காவோடு இருக்கும். நாம் போடுகிற ஏற்பாடு அப்பாயியின் விரலுக்கும் கண்ணுக்கும் பொருந்த வேண்டும். எட்டு வயது அக்கா அதைத் திறந்துவிட்டு மூட மறந்தாலும் தாங்க வேண்டும்.

மூன்றாவதைப் பலரும் யோசிப்பதில்லை. ஏற்பாடு தவறிப்போனால் பிள்ளையின் கையில் எவ்வளவு கிடைக்கும்? அரைப் போத்தலா, ஐந்து லீற்றரா?

நான்காவது நெருப்பு, புகை, ஈரம். நானுஓயா, கந்தப்பளைப் பக்கத்து ஈரத்தில் பலகை உப்பும், தகரம் துருப்பிடிக்கும், லேபல் உரிந்து விழும். ஐந்தாவது செலவு. இதில் கடையில் கொடுக்கிற காசு சின்னப் பங்குதான்.

## வீட்டில் என்னென்ன இருக்கிறது, எது எப்படிக் கெடுக்கும்

மண்ணெண்ணெயைப் பற்றி முதலில் பேச வேண்டும். இலங்கையில் சின்னப் பிள்ளைகள் தவறுதலாகக் குடிக்கிற பொருட்களில் அது முன்வரிசையில் நிற்கிறது. வயிற்றுக்குள் போன மண்ணெண்ணெயை விட நுரையீரலுக்குள் போனதுதான் ஆபத்து. அது சமையல் எண்ணெய் போலக் கெட்டியானது இல்லை. குடிக்கும்போது ஒரு மிடறு புரைக்கேறினால் போதும், நுரையீரலின் உட்புறமெல்லாம் மெல்லிய படலமாகப் பரவி நிமோனியா போன்ற அழற்சியை உண்டாக்கும். வாந்தி எடுக்க வைத்தால் அதே எண்ணெய் இன்னொரு தடவை தொண்டையைத் தாண்டும், இன்னொரு தடவை புரைக்கேறும்.

கழிவறை கழுவும் திரவங்களில் பல ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்தவை. வாயையும் உணவுக்குழாயையும் சுடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. துணி வெளுக்கும் பிளீச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அதனால் இவற்றை ஒரே பாத்திரத்திற்குள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. இறப்பர் பால் உறைய வைக்கப் பயன்படும் ஃபோமிக் அமிலம் கேகாலை, இரத்தினபுரிப் பக்கத் தோட்ட வீடுகளில் இருக்கக்கூடும். அது இவற்றையெல்லாம் விடக் கொடியது.

சாமித் தட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை. கற்பூரம் அங்கேதான் இருக்கிறது, வெள்ளை வெள்ளையாக, மிட்டாய் மாதிரி. ஒரு கிராம் அளவே சின்னப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகலாம். விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டை இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது, குறிப்பாகப் பிறவியிலேயே ஒரு நொதி குறைந்த பிள்ளைகளுக்கு.

எலிமருந்தில் இரண்டு வகையைத் தெரிந்து வைத்திருங்கள். சாம்பல் கறுப்புத் தூளாக வரும் சிங்க் பொஸ்பைட் வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பொஸ்பீன் வாயுவை விடும். நீலம், பச்சை நிற மெழுகுக் கட்டிகளாக வருபவை இரத்தம் உறையாமல் செய்பவை. அவற்றின் விளைவு உடனே தெரியாது, நாட்கள் கழித்துத்தான் தெரியும். "சாப்பிட்டுச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வது இதனால்தான் தவறு.

கடைசியாகப் பூச்சிமருந்து. லீக்ஸ், கிழங்கு, கோவா போடுகிற வீடுகளில் இது கட்டாயம் இருக்கும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், பேராதனையிலிருந்து இயங்கும் பீடைகொல்லிப் பதிவாளர், இரண்டுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. கொடிய மருந்துகளான மோனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் நிறுத்தப்பட்டன. பராகுவாட், டைமெத்தோவேட், ஃபென்தியான் மூன்றும் 2008 முதல் 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டன. ஆனால் பழைய போத்தல் பரணில் கிடந்தால் சட்டம் அங்கே எட்டாது. ஏறிப் பாருங்கள்.

## எந்த வழியானாலும் போத்தல் முதலில்

இடத்தைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன் போத்தலைப் பாருங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, மொத்தமாக வாங்கி வைப்பது பலருக்குக் கட்டாத காரியமானது. அரைப் போத்தல், கால் போத்தல் என்று வாங்க, கையில் கிடைத்த சோடாப் போத்தலோடுதான் கடைக்குப் போவார்கள். தெளிந்த எண்ணெய், தெரிந்த போத்தல், தெரிந்த மூடி. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சோடாதான். பிள்ளை பிழை செய்யவில்லை, போத்தல்தான் பொய் சொல்கிறது.

எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி வைப்பது இதைவிட மோசம். சைக்கிள் செயின் கழுவ, பெயின்ட் பிரஷ் ஊற வைக்கத் தேநீர் குடிக்கும் கோப்பையில் ஊற்றிவிட்டு வேலை முடியும் முன் யாரோ கூப்பிட்டால் எழுந்து போவது. இந்த நான்கு வழிகளில் எதுவுமே அந்தக் கோப்பையைக் காப்பாற்றாது.

இதனால் மூன்று விதிகள். சாப்பாடு, குடிபானம் வந்த எந்தப் போத்தலிலும் இரசாயனம் வேண்டாம். கடையில் பூச்சிமருந்தைப் பிரித்து ஊற்றித் தந்தால் வாங்க வேண்டாம். லேபல் இல்லாத மருந்து குடித்த பிள்ளையைக் கொண்டுபோனால் டொக்டருக்கு எதைக் குடித்தது என்று ஊகிக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, லேபல் உரியத் தொடங்கினால் அதன் மேல் அகலமான செலோடேப்பை முழுச் சுற்றாக ஒட்டிவிடுங்கள், ஈரத்தில் நிற்கும். பூச்சிமருந்து லேபலின் அடியில் இருக்கும் நிறப் பட்டை நஞ்சின் கடுமையைச் சொல்லும். சிவப்பு மிகக் கடுமை, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். பச்சைப் பட்டை என்பதற்காக அதைக் குசினியில் வைக்கலாம் என்று பொருளில்லை.

## வழி 1: உயரத் தட்டு

செலவு மிகக் குறைவு. ஒரு பலகை, இரண்டு கோணக் கம்பி, நாலு ஸ்குரூ. இன்றைக்கே செய்யலாம். அதனால்தான் எல்லாரும் முதலில் இதற்குப் போகிறார்கள்.

ஒரு கணக்குப் போடுங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 95 சென்ரிமீற்றர். கையை நீட்டினால் 115, 120 வரும். 45 சென்ரிமீற்றர் ஸ்டூலில் ஏறினால் 160ஐத் தாண்டும். அரிசிப் பெட்டியில் ஏறி, அங்கிருந்து கட்டில் தலைமாட்டில் கால் வைத்தால் இன்னும் மேலே. லயக் கூரை ஓரத்தில் தாழ்ந்து வருவதால் தட்டை நினைத்த உயரத்துக்குக் கொண்டுபோகவும் இடமில்லை. ஆகவே "உயரம்" என்பது தரையிலிருந்து அளப்பது அல்ல. பிள்ளை ஏறக்கூடிய மிக உயர்ந்த சாமானிலிருந்து அளக்க வேண்டும். தட்டுக்கு அடியில் எதுவும் இல்லாத சுவர் ஒரு காம்பராவில் ஒன்று இருந்தால் அதிகம்.

மறைந்த செலவு வேறு. இருட்டில், கைவிளக்கு வெளிச்சத்தில், கால்விரலில் நின்று அமிலப் போத்தலை எடுக்கும்போது அது நழுவினால் எடுப்பவரின் முகத்திலும் கண்ணிலும்தான் விழும். எலி ஓடும், பூனை குதிக்கும், பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால் நடுச்சுவர் அதிரும். தட்டின் முன் ஓரத்தில் குறைந்தது 5 சென்ரிமீற்றர் உயரச் சட்டம் ஒன்றை அடிக்காத தட்டு தட்டே இல்லை. அடுப்புக்கு நேர்மேலே அடிக்கவும் கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் போத்தல் உப்பி மூடியோரம் கசியும்.

எப்போது இது சரி? ஒரு வயதுக்குள், இன்னும் தவழ்கிற பிள்ளை மட்டும் இருக்கும் வீட்டில், சில மாதங்களுக்கு. அதற்குப் பிறகு கற்பூரம், தீப்பெட்டி போன்ற சின்னச் சாமான்களுக்கு மட்டும், அதுவும் திருகு மூடி போட்ட டப்பாவுக்குள். பிள்ளை நிற்கத் தொடங்கிய நாளில் இந்த வழியின் காலம் முடிகிறது.

## வழி 2: பூட்டுப் பெட்டி

நாளுக்கு ஒரு தடவையோ, வாரத்துக்கு ஒரு தடவையோ எடுக்கும் பொருட்களுக்கு இதைவிட நல்லது இல்லை. கழிவறை அமிலம், பிளீச், அந்துருண்டை, எலிமருந்து, தாத்தாவின் மாத்திரைகள் எல்லாம் இங்கேதான் சேர வேண்டும்.

பழைய டிரங்குப் பெட்டி போதும் என்று நினைக்காதீர்கள், அளந்து பாருங்கள். மிக உயரமான போத்தல் நிமிர்ந்து நிற்க உள்ளே 30 முதல் 35 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். படுக்க வைத்த போத்தல் கசியும். மலிவான கொண்டி போட்ட பெட்டியில் பூட்டு பூட்டியிருந்தாலும் மூடியை இரண்டு மூன்று விரல் அளவு தூக்கலாம். அந்த இடைவெளி மூன்று வயதுக் கைக்குப் போதும். கொண்டியை மரத் திருகாணியால் அடித்தால் ஈரத்தில் பலகை இளகி ஒருநாள் கையோடு வந்துவிடும். ஊடே துளைத்து, உட்புறம் நட்டுப் போட்டு முடுக்குங்கள்.

உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பேசின் வையுங்கள். அமிலம் ஒன்றில், பிளீச் மற்றதில். எது கசிந்தாலும் அதது பேசினுக்குள் நிற்கும். இரண்டு சின்னப் பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. அமில ஆவி தகரப் பெட்டியையும் பூட்டையும் சில மாதங்களில் தின்றுவிடும். அமிலத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் வாளிப் பெட்டியோ பலகைப் பெட்டியோதான் நீடிக்கும்.

சாவிதான் இந்த வழியின் நோய். கதவோரத்து ஆணியில் தொங்கும் சாவி பிள்ளைக்கும் தெரியும். அம்மாவின் முந்தானையில் முடிந்த சாவி மலைக்குப் போய்விட்டால் அப்பாயி அவசரத்துக்கு என்ன செய்வார்? பூட்டைத் திறந்தே வைக்கச் சொல்வார். நம்பர் பூட்டு இதற்குத் தீர்வு. எண் பெரியவர்களுக்குத் தெரிந்தால் போதும். எழுத வாசிக்கத் தெரியாத மூத்தவருக்கும் மூன்று இலக்கம் பழகிவிடும், தொலைபேசி எண்ணைப் பழகியது போல. பூட்டிய பிறகு இலக்கங்களைக் கலைக்க மறந்தால் மட்டும் அது பூட்டே இல்லை.

பெட்டி கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. அனுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களை எடுத்து, ஒரு பகுதிக்கு மட்டும் வீட்டுக்கு வீடு பூச்சிமருந்துப் பெட்டி கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2017இல் லான்செட் இதழில் வந்தது. பெட்டி கொடுத்த கிராமங்களில் பூச்சிமருந்து அருந்தும் சம்பவங்கள் குறையவில்லை. அது பெரியவர்கள் தமக்குத் தாமே தீங்கு செய்வதைப் பற்றிய ஆய்வு. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்களைப் பூட்டு தடுக்காது என்பதில் வியப்பில்லை. சின்னப் பிள்ளையின் கணக்கு வேறு. அதனிடம் சாவி இல்லை. அது இல்லாமலே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் பெட்டியின் முழு வேலையும்.

## வழி 3: அமுக்கித் திருகும் மூடி

மண்ணெண்ணெய்க்கு இதுதான். வேறு எந்த வழியும் அதற்குச் சரிவராது, ஏனென்றால் ஈர விறகைப் பற்ற வைக்கக் காலையிலும் மாலையிலும் அதை எடுத்தே ஆக வேண்டும்.

இந்த மூடி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூடிகள். சும்மா திருகினால் வெளிமூடி மட்டும் டக் டக் என்று சுற்றும். கீழே அமுக்கிக்கொண்டு திருகினால்தான் இரண்டின் பற்களும் பிடித்து உள்மூடி திறக்கும். இன்னொரு வகையில் இரண்டு பக்கத்தையும் விரலால் நசுக்கிக்கொண்டு திருக வேண்டும். பிள்ளைக்கு இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யத் தெரியாது. மூடியின் தந்திரம் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. பின்னர் ஐஎஸ்ஓ 8317 என்ற பன்னாட்டுத் தரம் வந்தது. 42 முதல் 51 மாத வயதுப் பிள்ளைகளிடம் மூடிய போத்தலைக் கொடுத்து 5 நிமிடம் விடுவார்கள். பிறகு எப்படித் திறப்பது என்று காட்டிவிட்டு இன்னொரு 5 நிமிடம். முதல் கட்டத்தில் 85 சதவீதத்தினரும், முடிவில் 80 சதவீதத்தினரும் திறக்க முடியாமல் இருந்தால் மூடி தேறும். இதைத் திருப்பிப் படியுங்கள். ஐந்தில் ஒரு பிள்ளை திறந்தாலும் அந்த மூடி தேறிவிடும். மூடி நேரம் வாங்கித் தருகிறது, பூட்டுப் போடவில்லை. அதனால் கேன் பெரியதாக இருக்க வேண்டாம். ஒரு லீற்றர் போதும். மிச்சத்தைத் தனியே வெளியே வையுங்கள்.

ஆனாலும் அது வாங்கித் தரும் நேரத்தின் மதிப்பு பெரியது. தென்னாபிரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் ஒரு பகுதியில் இத்தகைய 20,000 கொள்கலன்களை மக்களுக்கு இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் மண்ணெண்ணெய் குடித்த சம்பவங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. தட்டுக்கோ பெட்டிக்கோ மண்ணெண்ணெய் விடயத்தில் இப்படி ஒரு சான்று எங்கள் கண்ணில் பட்டதில்லை.

வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று. கழுத்தில் வளையம் கிழியும் மூடியைக் காட்டி "இது சேஃப்டி மூடி" என்பார்கள். அந்த வளையம் போத்தல் முன்பே திறக்கப்பட்டதா என்று காட்ட மட்டுமே. ஒருமுறை கிழிந்த பிறகு அது சாதாரண மூடி. கடையிலேயே சோதியுங்கள். இறுக மூடி, அமுக்காமல் திருகிப் பாருங்கள். சுற்றிக்கொண்டே இருந்தால் சரி, திறந்தால் அது வேண்டாம். வேறு போத்தலின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி இந்தப் போத்தலில் மாட்டவும் கூடாது. புரி பொருந்தாமல் குறுக்கே ஏறி, மூடியது போலத் தெரியும், மூடாது. பூச்சிமருந்துப் போத்தலைக் கழுவி மண்ணெண்ணெய்க்கு எடுப்பதை நினைக்கவே வேண்டாம்.

மறைந்த செலவு விரல்களில். மூட்டு வலிக்கும் கைக்கு அமுக்கித் திருகுவது கஷ்டம். அப்பாயி மூடியை அரைத் திருகில் விட்டுவிடுவார். அரைத் திருகில் பாதுகாப்பு மூடிக்கும் சாதாரண மூடிக்கும் வித்தியாசம் இல்லை. அவரையே வாங்கும்போது திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் நசுக்கும் வகையைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசின் புரியில் படிந்தால் மூடி கடைசி வரை இறங்காது. மாதம் ஒருமுறை புரியைச் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள்.

விளக்கையும் இங்கேயே பேசிவிடலாம். ஜாம் போத்தலில் திரி போட்ட குப்பி விளக்கு ஒரே நேரத்தில் திறந்த மண்ணெண்ணெய்ப் போத்தலும் நெருப்பும். விஜய கொடகும்புர என்ற இலங்கை அறுவைச் சிகிச்சை நிபுணர் தீக்காய நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து உருவாக்கிய 'சுதீப' விளக்கு குள்ளமானது, கனமானது. இரண்டு பக்கமும் தட்டையானதால் சரிந்தாலும் உருளாது. மூடி உலோகத் திருகு மூடி, அதனால் எண்ணெய் கொட்டாது. அதற்காக அவருக்கு 1998இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. மின்சாரம் அடிக்கடி போகும் லயத்தில் குப்பி விளக்கை விட முடியாதென்றால் இந்த வடிவத்தைத் தேடுங்கள்.

## வழி 4: வீட்டுக்கு வெளியே

பூச்சிமருந்துக்கு இதைத் தவிர வேறு எதையும் நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். படுக்கிற காம்பராவில் அதன் ஆவியே வேண்டாத சரக்கு. ஈரமான மருந்துப் போத்தலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்த வீட்டில் பிள்ளை அதன் மேல்தான் தூங்குகிறது.

ஆனால் "வெளியே" என்பது ஆட்டுக் கொட்டில் மூலை அல்ல, கழிவறைத் தரையும் அல்ல. பிள்ளை தனியாகப் போகும் முதல் இடமே கழிவறைதான், அமிலப் போத்தல் அங்கே அதன் கண்மட்டத்தில் நிற்கிறது. மாட்டுத் தீனி, கோழித் தீனி வைக்கும் இடத்திலும் பூச்சிமருந்து கூடாது.

சரியான வெளியிடம் என்றால் வீட்டிலிருந்து தள்ளி, மழை படாத, வெயில் நேரடியாக அடிக்காத, பூட்டக்கூடிய ஒரு பலகைப் பெட்டி. தோட்டத்து மருந்தடிப்புக்கான மருந்து தோட்ட ஸ்டோரிலேயே தங்க வேண்டும். வேலை முடிந்து மிச்சமானதைச் சோடாப் போத்தலில் வீட்டுக்குக் கொண்டுவருவதைக் கங்காணி விட்டாலும் நீங்கள் விடாதீர்கள். சொந்த மரக்கறித் தோட்டம் என்றால் நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரு பெட்டி போடலாம். சாவி ஒருவரிடம்.

மறைந்த செலவுகள்: களவு, மழை, பக்கத்து லயத்துப் பிள்ளைகள். உங்கள் பிள்ளையிடமிருந்து தள்ளி வைத்தது அடுத்தவர் பிள்ளைக்குக் கிட்டே போய்விடலாம். இன்னொன்று, பெட்டி தூரமாக இருந்தால் நாளை காலை அடிக்க வேண்டிய மருந்தை இன்றிரவே வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் வரும். அந்த ஒரு இரவுதான் இந்த வழி தவறும் இடம்.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்குப் பொருந்தும் | எங்கே தவறும் | கைக்காசு தவிர உள்ள செலவு |
|---|---|---|---|
| உயரத் தட்டு | தவழும் பிள்ளை மட்டும் உள்ள வீடு, கற்பூர டப்பா | பிள்ளை ஏறத் தொடங்கியதும் | எடுப்பவர் மேல் விழும் ஆபத்து |
| பூட்டுப் பெட்டி | அமிலம், பிளீச், எலிமருந்து, மாத்திரை | தினமும் பலமுறை திறக்கும் பொருளுக்கு | சாவி, துரு, கொண்டி இடைவெளி |
| அமுக்கு மூடி | மண்ணெண்ணெய் | அரைத் திருகில் விட்டால் | வயதானவர் விரல், புரி துடைப்பு |
| வெளியே பெட்டி | பூச்சிமருந்து, உபரி மண்ணெண்ணெய் | முந்தின இரவே கொண்டுவந்தால் | களவு, மழை, பக்கத்துப் பிள்ளைகள் |

வாங்காமலே இருப்பது ஐந்தாவது வழி என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. தேவைக்கு மட்டும் சின்னப் பக்கெட் (சிறு பொதி) வாங்குவது நல்லதுதான், ஆனால் பக்கெட்டுக்கு மூடி இல்லை. கிழித்து, பாதி போட்டு, மீதியைக் கூரைத் தகரத்தில் செருகினால் நான்கு வழியிலும் தோற்ற பிறகு கிடைக்கும் இடத்துக்கு நேரே வந்துவிட்டீர்கள். முழுதாக ஒரே தடவையில் தீர்க்கக்கூடிய அளவுதான் பக்கெட்டில் வாங்க வேண்டியது.

## எந்த வீட்டுக்கு எது

கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், பெட்டிக்கு முன் அமுக்கு மூடிக் கேன். மரக்கறித் தோட்டம் இருக்கிற வீட்டில் மட்டும் இந்த வரிசை மாறும், அங்கே வெளிப்பெட்டி முதலில்.

பிள்ளை பகலெல்லாம் பிள்ளைக் காம்பராவில் இருந்தால், மாலை நாலரைக்குப் பிறகு அடுப்பு பற்ற வைக்கும் நேரம்தான் உங்கள் ஆபத்து நேரம். எண்ணெய் ஊற்றிய உடனே மூடி, பிறகுதான் தீக்குச்சி. அப்பாயியோடு இருந்தால் நம்பர் பூட்டும் அவர் திறக்கக்கூடிய மூடியும் வேண்டும். கூட்டுக்குடும்பம், ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை என்றால் மாத்திரைகளையும் பெட்டிக்குள் கொண்டுவாருங்கள்.

எலிமருந்து எந்த வீட்டிலும் திறந்து வைக்கக் கூடாது. எலி அதைக் கவ்விக்கொண்டு போய்ப் பிள்ளை விளையாடும் மூலையில் போடும். கூண்டு போதும். மருந்துதான் வேண்டுமென்றால் எலி மட்டும் நுழையும் துளையுள்ள மூடிய பெட்டியில், உள்ளே கம்பியில் கோத்த கட்டியாக வையுங்கள்.

## எல்லாம் தவறினால்

மலை மேலே இருக்கிற மேல்கணக்குத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்து சேர்வதற்கே நேரமாகும், அதனால் முதல் வேலை கூப்பிடுவது: 1990 சுவசரிய அம்புலன்ஸ், இலவசம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் 011 2686143. வண்டி வரும் வரை என்ன செய்யலாம் என்று அங்கே சொல்வார்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், தொண்டையில் விரல், தேங்காய்ப் பால், சமையல் எண்ணெய், எதுவும் வேண்டாம். அமிலம் குடித்த பிள்ளைக்குச் சோடா உப்பு, பிளீச் குடித்த பிள்ளைக்குத் தேசிக்காய் என்று முறிக்கப் பார்ப்பதும் வேண்டாம். வாயைத் துடைத்து, கொப்பளிக்கத் தெரிந்த பிள்ளை என்றால் கொப்பளிக்க விடுங்கள். எண்ணெயோ மருந்தோ பட்ட உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். குளிரில் உடனே உலர்த்திப் போர்த்த வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம், இமையை விரித்துப் பிடித்து. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் எதையும் திணிக்காதீர்கள்.

போத்தலை, லேபலோடு, மூடியோடு கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் டொக்டருக்குத் தேவை. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளை உடனே இருமாமல், சிரித்துக்கொண்டு இருந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். இருமலும் மூச்சிரைப்பும் காய்ச்சலும் சில மணிநேரம் கழித்தும் வரலாம், அதனால் குறைந்தது 6 மணிநேரமாவது வார்ட்டில் வைத்துப் பார்ப்பார்கள். பாதியில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள்.